ஊற்றிய ரோட்டார், பற்றவைத்த ரோட்டார்

கோவையில் தயாராகும் கிணற்று மோனோபிளாக்குகளில் பெரும்பாலும் உருக்கி ஊற்றிய அலுமினிய ரோட்டார்தான் இருக்கும். போர்வெல் சப்மெர்சிபிளில் காடிக்குள் காப்பர் ராடு செருகி, இரு முனையிலும் வளையத்தோடு பற்றவைப்பது வழக்கம். அலுமினியம் செம்பில் சுமார் 60 சதவீதம்தான் மின்சாரத்தைக் கடத்தும் என்பதோடு பலரும் ஒப்பீட்டை முடித்துவிடுகிறார்கள். செய்முறையைப் பார்க்காமல் உலோகத்தை மட்டும் பார்த்து மோட்டாரை எடைபோட முடியாது.

அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அழுத்தத்தோடு அச்சில் செலுத்தினால் கம்பிகளும் வளையங்களும் ஒரே வார்ப்பாக வரும்; பற்றவைக்கும் வேலையே இல்லை. காடி எந்த வடிவமானாலும் நிறையும் என்பதால், ஆழமாகக் காடி வெட்டி, கிளம்பும்போது இழுவிசையைக் கூட்டலாம். ஆனால் உள்ளே காற்றுக் குமிழ் சிக்கினால் வெளியே தெரியாது. அந்தக் கம்பியில் தடை கூடி, ரோட்டார் சூடேறும். உலோகம் ஸ்டாம்பிங் எனப்படும் ரோட்டாரின் இரும்புத் தகடுகளோடு ஒட்டிக்கொள்வதால், சாய்வாக அமைந்த கம்பிகளுக்கு இடையே இரும்பு வழியாகவும் மின்சாரம் கசியும். இதற்காகவே ரோட்டாரை மறுபடி சூடாக்கிச் சட்டெனக் குளிர்விப்பதுண்டு. அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிந்து சுருங்குவதால் ஒட்டு விட்டுவிடும்.

காப்பர் ராடில் குமிழ் பயம் இல்லை. பயமெல்லாம் பற்றவைப்பில். 28 ராடு என்றால் 56 இணைப்பு. சூடு குறைந்தால் பற்று உள்ளே இறங்காது. மிஞ்சினால் செம்பு இளகிப் பலமிழக்கும். காடியில் ராடு தளர்வாக இருந்தால் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் அதிர்ந்து, வளையத்தை ஒட்டி விரிசல் விடும். அப்போது ஆம்மீட்டர் முள் ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல ஆடும்.

கடைசல் இரண்டுக்கும் பொது. மழுங்கிய டூலில் கடைந்தால் ஸ்டாம்பிங் விளிம்புகள் ஒன்றோடொன்று இழுபட்டு ஒட்டி, அங்கேயும் சூடு பிறக்கும்.

போர்வெல்லுக்குக் காப்பர்தான் என்பேன். 415 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 320 வந்தால் இழுவிசை சுமார் 60 சதவீதமாக இறங்கும். தடை குறைந்த காப்பர் ரோட்டார் அந்த நிலையிலும் வேகத்தை அதிகம் இழக்காது. கிளம்பும்போது அதன் இழுவிசை சற்றுக் குறைவுதான். பம்பின் பளு வேகத்தோடுதான் ஏறும் என்பதால் அது பெரிய குறையில்லை. ஆனால் இணைப்பு விட்டால் குழாய் முழுவதையும் மேலே ஏற்ற வேண்டும். ஆகவே ‘காப்பர் ரோட்டார்’ என்று விலைப்பட்டியலில் போட்டால் போதாது. இணைப்புகளைச் சோதித்த அறிக்கையும் மோட்டாரோடு விவசாயி கைக்கு வரவேண்டும்.