ஆறு திரும்பும் ஊர்

கம்போடியத் தலைநகரின் கதையைச் சொல்கிறவர்கள் அரண்மனையில் ஆரம்பிப்பார்கள். நான் பிராஹொக் எனும் உப்பிட்ட மீன் விழுது ஜாடியில் ஆரம்பிப்பேன். புனோம் பென் நகரின் வடக்கே, ருஸ்ஸே கேவ் ஆற்றங்கரையில் ஒரு ஜனவரிக் காலையில் நின்றபோது எனக்கு உறுதிப்பட்ட எண்ணம் இது.

அந்த ஆறு தொன்லே சாப். ஜூன் வாக்கில் தென்மேற்குப் பருவமழையால் மீக்கோங் பெருகினால், அதன் வெள்ளம் இந்த ஆற்றைப் பின்னுக்குத் தள்ளும். அக்டோபர் வரை தண்ணீர் நூறு கிலோமீட்டருக்கு மேல் வடமேற்கே ஏறி, பெரிய ஏரியில் போய் விழும். கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிக் கிடக்கும் ஏரி, 10,000-ஐத் தாண்டி விரியும். கரையோரக் காடு முழுகும். மீன்குஞ்சுகள் அதற்குள் மேய்ந்து கொழுக்கும். 1296-இல் அன்றைய தலைநகரான அங்கோருக்கு வந்த சீனத் தூதுக்குழுவைச் சேர்ந்த சௌ தாகுவான், மரங்களின் நுனி மட்டும் தெரிய ஏரி நிறைவதை வியந்து எழுதியிருக்கிறார்.

1431-இல் சயாமியர் அங்கோரைப் பிடித்தபின், மன்னர் பொன்ஹியா யாட் ஆறுகள் கூடும் புனோம் பென்னுக்கு வந்தார். கடல் வணிகத்துக்காக என்பார்கள், உண்மைதான். ஆனால் தலைநகரம் பிறகு லொவெக்குக்கும் உடோங்குக்கும் போய், 1866-இல் மன்னர் நரோதம் காலத்தில் திரும்பும் வரையிலும் பெரும்பாலும் தொன்லே சாப் ஆற்றை ஒட்டியே இருந்தது. சோறும் மீனும் கிடைக்கிற இடத்தை மன்னர்கள் எளிதில் விடவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

வெள்ளம் வடியும்போது ஏரி மீன் ஆற்றில் இறங்கும். குறுக்கே கட்டிய ‘டாய்’ எனும் பை வலைகளில், டிசம்பர், ஜனவரி மாதங்களில் பௌர்ணமிக்கு முந்தைய நாட்களில் பிடிபாடு குவியும். பெரும்பகுதி ‘த்ரெய் ரியெல்’ என்ற வெள்ளிப் பொடிமீன். நெல் விளையும் மாகாணங்களிலிருந்து விவசாயிகள் மாட்டுவண்டியில் அரிசி கொண்டுவந்து மீனுக்கு மாற்றிக்கொள்வது பழைய வழக்கம். கரையிலேயே தலை கிள்ளி, காலால் மிதித்துக் கொழுப்பை அலசி, வெயிலில் காயவிட்டு, உப்பிட்டு ஜாடியில் அடைப்பார்கள்; அதுதான் பிராஹொக். ஓராண்டுக்கான குழம்புச் சுவை அதில்தான். வாடை கடுமை. ஆனால் எலுமிச்சைப்புல், பேரரத்தை, மஞ்சள் அரைத்த விழுதும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பன்றிக்கறிக் கொத்தோடு கொதித்ததும் அது வேறொன்றாகிவிடும். பச்சைக் கத்தரிக்காயை அதில் தொட்டுத் தின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஏரியிலிருந்து ஆறு மறுபடி கீழ்நோக்கித் திரும்பும் காலத்தை ஊர் கொண்டாடுவதே போன் ஓம் தூக் திருவிழா. அக்டோபர்–நவம்பர் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் படகுப் போட்டி நடக்கும். முகப்பில் கண் வரைந்த அந்த நீண்ட படகுகளை ஆண்டு முழுவதும் பாதுகாப்பது கிராமத்துப் பௌத்த விகாரம். நிலவைக் கும்பிட்டு, புது நெல்லில் இடித்த அவலை வாழைப்பழத்தோடு உண்பார்கள்.

1975 ஏப்ரல் 17-இல் கெமர் ரூஜ் படை நகரையே காலிசெய்தபோது இந்தத் திருவிழாவும் நின்றது. 1979 ஜனவரியில் அந்த ஆட்சி விழுந்தபின் மக்கள் மெல்ல மெல்லத் திரும்பினார்கள், படகுகளும் திரும்பின. இப்போதைய கவலை வேறு. 2019-லும் 2020-லும் மழை குறைந்தது, மேலே மீக்கோங்கில் அணைகளும் பெருகிவிட்டன. ஆறு ஏரியை நோக்கித் தாமதமாகவே திரும்பியது, ஏரியும் நிறையவில்லை. திருவிழா நாளை நிலவு குறித்துவிடும். வலைக்கு வரும் மீனோ ஏரி எவ்வளவு நிறைந்தது என்பதைப் பொறுத்தது.