சீதனம் இல்லாத பெண்ணுக்குப் பெய்த பரிசு மழை

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் வாழும் ஈழத்தமிழர் குடும்பங்களின் திருமணங்களில் புதிய வைபவம் ஒன்று சேர்ந்துகொண்டுள்ளது. பொன்னுருக்கலுக்குப் பல வாரங்களுக்கு முன்பே, மணப்பெண்ணின் தோழியர் ஒன்றுகூடி நடத்தும் 'பிரைடல் சவர்' என்பதே அது. பூந்தோட்டத் தேநீர் விருந்து, கடற்கரை மாலை, பழைய திரைப்படக் காலம் என்று ஏதேனுமொரு 'தீம்' அழைப்பிதழிலேயே குறிக்கப்பட்டிருக்கும். வருவோர் உடுத்தவேண்டிய நிறம், மேசைமீது வைக்கப்படும் பூ, வெட்டப்படும் கேக், விளையாட்டுக்கள் யாவும் அந்தக் கருப்பொருளுக்கு அமைவாகவே இருக்கும். கலியாணத்திற்கு முன்பே பரிசு வாங்குவதா என்று வீட்டிலுள்ள அம்மம்மாமார் வியப்புடன் கேட்பதுண்டு.

வெள்ளைக்காரரிடமிருந்து நம்மவர் பெற்றுக்கொண்ட மற்றுமோர் ஆடம்பரம் என்று இதனை ஒதுக்கிவிடுவது எளிது. இன்று அது நடத்தப்படும் விதத்தைப் பார்க்கும்போது அந்தக் கணிப்பில் நியாயமும் உண்டு. ஆயினும் இந்த வழக்கத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், சீதனத்தின் சுமையை நன்கறிந்த ஒரு சமூகம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று அதற்குள் இருக்கிறது.

ஒல்லாந்து நாட்டுக் கதை

இந்த வழக்கத்தின் தோற்றத்திற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சொல்லப்படும் கதை ஒல்லாந்து நாட்டைச் சேர்ந்தது. வசதிபடைத்த ஒருவரின் மகள், மாவரைக்கும் ஆலைக்காரன் ஒருவனை விரும்புகிறாள். அவனோ தன்னிடமுள்ள மாவை ஏழைகளுக்கு வாரி வழங்கி வழங்கியே வறியவனாகிப் போனவன். அவனை மணப்பதாயின் சீதனமாக ஒரு சல்லிக்காசும் கிடையாது என்று தகப்பன் கூறிவிடுகிறார். அப்பொழுது, ஆலைக்காரனிடம் உதவிபெற்ற ஊரவர்கள் ஒருவர்பின் ஒருவராக வருகிறார்கள். ஒருவர் பானை கொண்டுவருகிறார், ஒருவர் தட்டுக்கள் கொண்டுவருகிறார், இன்னொருவர் படுக்கை விரிப்புக் கொண்டுவருகிறார். தகப்பன் கொடுக்க மறுத்த குடும்பத் தட்டுமுட்டுச் சாமான்கள் யாவும் ஊராரின் கைகளால் சேர்ந்துவிடுகின்றன. திருமணமும் நடக்கிறது.

இது வரலாற்று ஆவணம் அன்று, செவிவழிக் கதையே. இருந்தும், ஒரு வழக்கத்தைக் கைக்கொண்ட மக்கள் அதற்கு எத்தகைய தோற்றக்கதையைத் தெரிவுசெய்கிறார்கள் என்பதில் அந்த வழக்கத்தின் உட்பொருள் தெரியும். இங்கே கதையின் மையம் சீதன மறுப்பு. தந்தையின் சொத்து வாராத இடத்தை அயலவரின் அன்பு நிரப்புகிறது.

பெட்டகத்திலிருந்து விருந்துக்கு

ஐரோப்பாவில் சீதனம் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. செல்வந்தர்கள் காணியும் பணமும் கொடுத்தார்கள். சாதாரண குடும்பங்களில் பெண்பிள்ளை சிறுமியாக இருக்கும்போதே மரப்பெட்டகம் ஒன்றில் துணிமணிகள் சேர்க்கப்பட்டன. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜேர்மானியர் 18ஆம் நூற்றாண்டில் தம் பிள்ளைகளுக்குச் செய்வித்த வண்ணம் தீட்டிய பெட்டகங்களை இன்றும் அமெரிக்க அருங்காட்சியகங்களிற் காணலாம். மேசை விரிப்பு, தலையணை உறை, போர்வை என்பனவற்றைப் பெண்பிள்ளை தானே தைத்து, பூவேலை செய்து, அதற்குள் அடுக்கிவைப்பாள்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வாழ்க்கை மாறியது. இளம் பெண்கள் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வேலைக்குச் சென்றார்கள். பெற்றோரின் ஊரைவிட்டு வெகுதூரத்தில் நகர வீடுகளிற் குடும்பம் தொடங்கினார்கள். பெட்டகத்தை நிரப்பப் பத்தாண்டு கால அவகாசம் எல்லோருக்கும் இருக்கவில்லை. அந்தக் காலத்திலேயே, தோழியர் கூடிப் பரிசு சொரியும் விருந்து பரவலாயிற்று. 1890களில் அமெரிக்கப் பத்திரிகைகளில் 'சவர்' என்ற சொல் இந்தப் பொருளில் இடம்பெறத் தொடங்கியது. மழைத்தூறல் என்ற பொருளுடைய அந்தச் சொல்லுக்கு ஏற்ப, காகிதக் குடை ஒன்றினுள் சிறுசிறு பரிசுகளை இட்டு, மணப்பெண்ணின் தலைக்கு மேலே அதனை விரித்துக் கொட்டும் வேடிக்கையும் வழக்கில் இருந்தது.

கருப்பொருள் ஏன் வந்தது?

'தீம்' என்பது இன்று அலங்காரத்தின் பெயர். தொடக்கத்தில் அது கணக்கின் பெயராக இருந்தது.

இருபது பேர் தனித்தனியாகப் பரிசு வாங்கினால் ஒரே பொருள் ஐந்து சேரும். தேவையானது ஒன்றும் சேராது. அத்துடன், வசதியுள்ளவர் விலையுயர்ந்த பொருளைக் கொண்டுவந்தால் வசதி குறைந்தவர் கூச்சப்பட்டு வராமலே இருந்துவிடுவார். இவ்விரு சிக்கல்களுக்கும் கண்டுபிடிக்கப்பட்ட எளிய தீர்வே கருப்பொருள். 'குசினிச் சவர்' என்றால் அகப்பை, அரிதட்டு, சட்டி, தேநீர்க் கேத்தல், தும்புத்தடி என்பன. 'துணிச் சவர்' என்றால் கைதுடைக்கும் துவாய் முதல் படுக்கை விரிப்பு வரை. தகரப் பாத்திரங்களுக்கென ஒன்று, பீங்கானுக்கென ஒன்று, கைக்குட்டைகளுக்கென்றே ஒன்று என்றெல்லாம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடத்தப்பட்டன. கைக்குட்டை ஒன்று எவருக்கும் இயலக்கூடிய பரிசு. பணக்காரியும் தட்டச்சுப் பெண்ணும் ஒரே மேசையில் ஏறத்தாழ ஒரே பெறுமதியுள்ள பொருளை வைத்தார்கள்.

இதற்கு முன்னோடியாக 'இறாத்தல் விருந்து' என்றொரு வழக்கமும் அமெரிக்கக் கிராமங்களில் இருந்தது. புதிதாக ஊருக்கு வந்த போதகருக்கோ புதுமணத் தம்பதியருக்கோ அயலவர் ஒவ்வொருவரும் ஒரு இறாத்தல் சீனி, ஒரு இறாத்தல் மா, ஒரு இறாத்தல் வெண்ணெய் என்று கொண்டுவந்து சேர்ப்பார்கள். பின்னாளில் வந்த கருப்பொருள்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று மணிக்கூட்டு விருந்து. அழைக்கப்படும் ஒவ்வொருவருக்கும் நாளின் ஒரு மணிநேரம் ஒதுக்கப்படும். காலை ஏழு மணி கிடைத்தவர் கோப்பிப் பாத்திரம் கொண்டுவருவார். இரவு பத்து மணி கிடைத்தவர் தலையணை உறை கொண்டுவருவார். மற்றையது சமையற்குறிப்பு விருந்து. ஒவ்வொருவரும் தம் கைப்பக்குவம் ஒன்றை அட்டையில் எழுதி வர, அவை யாவும் ஒரு பெட்டியில் சேர்க்கப்பட்டு மணப்பெண்ணிடம் கையளிக்கப்படும்.

விருந்தை யார் நடத்துவது என்பதிலும் கண்டிப்பான நெறி ஒன்று இருந்தது. மணப்பெண்ணின் தாயோ சகோதரியோ நடத்தலாகாது. தோழியோ தூரத்து உறவினரோ அயலவரோதான் நடத்தவேண்டும். குடும்பத்தவரே அழைத்தால் அது பரிசு கேட்டுக் கையேந்துவதாகும் என்பது ஆசார நூல்கள் சொன்ன காரணம். இந்த நெறி பின்னாளிற் பெரிதும் தளர்ந்துவிட்டது. பரிசுப் பொதிகளிற் கட்டப்பட்ட ரிபன்களைத் தாள்தட்டு ஒன்றிற் கோத்துப் பூங்கொத்துப்போலச் செய்து, திருமண ஒத்திகையில் மணப்பெண் ஏந்தும் வழக்கம் மாத்திரம் இன்னும் தொடர்கிறது.

ஊரே கூடிய மண்டபங்கள்

கனடாவின் சிற்றூர்களில் இது 'சமூகச் சவர்' என்ற வடிவம் பெற்றது. ஊர் மண்டபத்தில் நடக்கும். தனிப்பட்ட அழைப்பிதழ் இல்லாமலே ஊர்ப் பெண்கள் வருவார்கள். உணவும் அவர்களே சமைத்துக் கொண்டுவருவார்கள். அவுஸ்திரேலியாவில் இதே வைபவம் 'கிச்சின் ரீ' எனப்பட்டது. பெயருக்கேற்பத் தேநீரும், குசினிச் சாமான்களும். சாம்பியாவில் நடக்கும் 'கிச்சின் பார்ட்டி' இதனோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டது. அங்கே பாத்திரங்கள் வழங்கப்படுவதுடன், மூத்த பெண்கள் மணவாழ்வு பற்றிய அறிவுரைகளையும் மணப்பெண்ணுக்குச் சொல்கிறார்கள்.

கடைக்காரர் கைக்கு மாறிய கதை

1924ஆம் ஆண்டில் சிக்காகோ நகரின் மார்ஷல் பீல்ட் பல்பொருள் அங்காடி, மணமக்கள் தமக்கு வேண்டிய பொருட்களைப் பதிவுசெய்து வைக்கும் முறையை அறிமுகம் செய்தது. பீங்கானின் வகை எது, வெள்ளிக் கரண்டியின் வடிவம் எது என்று மணப்பெண் கடையிற் சொல்லிவைப்பாள். விருந்தினர் அங்கே சென்று வாங்குவார்கள். ஒரே பொருள் பலமுறை வந்துசேரும் சிக்கலை இது தீர்த்தது என்பது உண்மை. ஆனால், எதைக் கொடுப்பது என்பதைத் தீர்மானித்த தோழியரின் இடத்திற் கடை வந்து அமர்ந்ததும் அன்றே.

இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல் அமெரிக்கத் தொழிற்சாலைகள் வீட்டுச் சாமான்களை விடுத்துப் போர்த்தளபாட உற்பத்திக்குத் திருப்பப்பட்டன. போர் முடிந்து இளைஞர்கள் வீடு திரும்பியதும் திருமணங்கள் பெருகின. ரோஸ்ரர், மிக்சர், மின் அழுத்தி என்று மின்சாதனங்கள் விருந்து மேசைக்கு வந்தன. கைக்குட்டையின் காலம் முடிந்தது. 1990களில் பொருட்களின் கோட்டுக்குறியைக் கருவியால் வருடிப் பட்டியல் தயாரிக்கும் வசதி வந்தது. பின்னர் எல்லாம் இணையத்திற்கு மாறிற்று. தனியே வாழ்ந்து, தன் உழைப்பில் வீட்டுச் சாமான்கள் யாவற்றையும் ஏற்கெனவே வாங்கிவிட்ட பெண்ணுக்குச் சட்டி பானை எதற்கு? பொருளின் தேவை குறையக் குறைய, கருப்பொருள் பரிசிலிருந்து கழன்று அலங்காரத்தில் ஒட்டிக்கொண்டது. செலவைக் கட்டுப்படுத்த வந்த ஏற்பாடு செலவைக் கூட்டும் ஏற்பாடாயிற்று.

யாழ்ப்பாணமும் ஒல்லாந்தரும்

ஆலைக்காரன் கதையின் சொந்தக்காரரான அதே ஒல்லாந்தர்தான் நமது சீதன முறையை எழுத்தில் வடித்தவர்கள் என்பது வரலாற்றின் விநோதம். ஆளுநர் கொர்னேலிஸ் ஜோன் சைமன்ஸ் 1706இல் பணித்ததற்கிணங்க, யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இங்குள்ள மக்களின் வழக்கங்களைத் தொகுத்தார். தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்களால் சரிபார்க்கப்பட்ட அந்தத் தொகுப்பே 1707ஆம் ஆண்டின் தேசவழமை. பிரித்தானியர் 1806இல் அதற்கு முழுச் சட்ட வலு அளித்தனர்.

முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை வகுத்த அந்தச் சட்டத்தில், சீதனம் பெற்று மணம் முடித்த மகளுக்குப் பெற்றோரின் எஞ்சிய சொத்தில் உரிமை கிடையாது. ஆகவே, சீதனம் என்பது மகளுக்குரிய பங்கு, அவளுடைய உடைமை. இது நம் முறையின் பெருமையாகப் பேசப்படுவதுண்டு. ஆனால், அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் வைத்திருப்பதையும் சேர்த்தே பேசவேண்டும். பிற்காலத்தில் 'டொனேசன்' என்ற பெயரில் மாப்பிள்ளை வீட்டாருக்குச் செல்லும் ரொக்கமும் சேர்ந்துகொண்டது. அது பெண்ணின் கைக்கு வருவதில்லை. பெரும்பாலும் மாப்பிள்ளையின் சகோதரியின் சீதனமாக இன்னொரு வீட்டுக்குப் போய்விடும். பத்திரிகைகளின் 'மணமகன் தேவை' பத்திகளை ஆண்டுக்கணக்கில் ஒப்புநோக்கிய எவருக்கும், 'தக்க சீதனம் வழங்கப்படும்' என்ற மூன்று சொற்களுக்குப் பின்னால் எத்தனை வீடுகளின் ஈடும் கடனும் இருந்தன என்பது தெரியும்.

சுமையைப் பகிரும் வழக்கம் நம்மிடம் இல்லாமற் போகவில்லை. கலியாண வீட்டிற் பலகாரம் சுடுவதற்கு அயற்பெண்கள் கூடுவார்கள். அரிசிமா இடிப்பதும், பயற்றம் பணியாரம் செய்வதும், முறுக்குப் பிழிவதும் ஊர்க்கைகள். அந்தக் கூட்டத்திற் கேலியும் பாட்டும் அறிவுரையும் குறைவின்றி இருந்தன. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் ஆடி மாதத்தில் நடக்கும் மொய்விருந்து இன்றும் ஒரு சமூகக் கடன்முறையாகவே இயங்குகிறது. ஆனால், காணியும் வீடும் ரொக்கமும் என்ற பெரும் பாரம் மாத்திரம் பெண்ணைப் பெற்றவரின் தனித்தோளில் விடப்பட்டது. பலகாரத்தைப் பகிர்ந்துகொண்ட அயல், சீதனத்தைப் பகிர்ந்துகொள்ளவில்லை.

எதை எடுத்துக்கொள்வது?

புலம்பெயர்ந்த நாடுகளில் இன்று நடப்பது என்ன? சீதனப் பேச்சும் நடக்கிறது. பிரைடல் சவரும் நடக்கிறது. ஒன்றுக்கு மாற்றாகத் தோன்றியது மற்றொன்றின் மேல் ஏறி அமர்ந்திருக்கிறது. மண்டப வாடகை, பூ அலங்காரம், ஒரே நிறச் சேலை, படப்பிடிப்பு என்று செலவு வளர்கிறது. அந்தச் செலவைப் பெரும்பாலும் ஏற்பவர்கள், வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன தோழிப்பெண்கள். வர இயலாதவர் வேறொரு காரணம் சொல்லி விலகிவிடுகிறார். அன்று கைக்குட்டை விருந்து எந்தக் கூச்சத்தைப் போக்க வந்ததோ, அதே கூச்சத்தை இன்றைய விருந்து உண்டாக்குகிறது.

இந்த வைபவத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் வாதமன்று. பெண்கள் தமக்குள் கூடி, தம்மில் ஒருத்தியை வாழ்த்தி அனுப்பும் நிகழ்வு நல்லதே. பலகாரம் சுடும் நாள் கைவிட்டுப்போன நகரங்களில் அதற்கு ஓரிடம் தேவையும்கூட. கருப்பொருளும் இருக்கட்டும். பழைய குசினி விருந்தைப்போல இன்ன தொகைக்கு மேற்படலாகாது என்று அழைப்பிதழிலேயே எழுதலாம். சமையற்குறிப்பு விருந்தைப்போல ஒடியற்கூழின் பக்குவத்தையும் சரக்குத்தூளின் அளவுகளையும் மாமிமாரிடம் எழுதி வாங்கிச் சேர்க்கலாம். பத்துப் பெண்களின் கைப்பக்குவம் அடங்கிய பெட்டி எந்தக் கடைப் பட்டியலிலும் கிடைக்காது.

எல்லாவற்றிலும் முதன்மையானது வேறொன்று. ஊரார் கூடிப் பானையும் தட்டும் கொடுத்தது, சீதனமின்றி ஒருத்தி மணம்முடிக்க இயலவேண்டும் என்பதற்காக. அந்தக் கதையை விருந்தின் பெயரோடு சேர்த்து வாங்கிக்கொள்ளும் குடும்பம், டொனேசன் பேசும் மேசையிலிருந்து முதலில் எழுந்துவர வேண்டும். அதன்பின் அழைப்பிதழில் எந்தக் கருப்பொருளை எழுதினாலும் பொருந்தும்.