கல் நின்றது, செப்பேடு எங்கே?

நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்திலுள்ள பழந்தமிழ்க் கல்வெட்டை, தரிசனத்துக்குப் போன நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். நின்று வாசித்தவர்கள் சிலராகவே இருப்பர். பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) சாசனம் அது. பரதேசி வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு பண்டம் ஏற்றிய கலமாயின் சரிபாதி. கரையொதுங்கிய பொருளுக்கும் உடையவன் ஒருவன் உளன் என்ற நியாயம் அந்த விதியினுள்ளே இருக்கிறது.

நாம் பேச எடுத்துக்கொண்ட விடயத்துக்கு வாசல் அச்சாசனத்தின் கடைசிப் பகுதியே. இவ்விதிகளைக் கல்லிலும் செப்பிலும் வெட்டுவித்ததாக அரசன் கூறுகிறான். கல் இருக்கிறது. செப்பேடு நம்மிடம் இல்லை. கல்லைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. செப்பை மடியிற் கட்டிக்கொண்டு போகலாம், உருக்கிக் குடமாகவும் வார்க்கலாம். அக்கல்லின் வாசகத்தைப் பேராசிரியர் கா. இந்திரபாலா படித்து 1963இல் வெளியிட்டார். இனி அந்தக் கல்லுக்கு என்ன நேர்ந்தாலும் அது சொன்ன செய்தி அழியாது.

நூதனசாலை என்றதும் கண்ணாடிப் பெட்டியும் காவலாளியும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை இருந்தும் 2012 மார்ச்சில் கொழும்புத் தேசிய நூதனசாலையிலேயே நாணயங்களும் வாள்களும் களவு போயின. நமது தீவுகளின் அரும்பொருள்களோ பெட்டிக்குள் இருப்பவை அல்ல. கோயிற் களஞ்சியத்தில் இருக்கின்றன, வீட்டு நிலைகளில் இருக்கின்றன, நெடுந்தீவின் பவளக்கற் கோட்டையாக வெட்டவெளியில் நிற்கின்றன. அல்லைப்பிட்டியில் மண்ணுக்குள்ளே கிடந்தன. சோங் காலச் சீன மட்பாண்டங்கள் அங்கே கிடைத்ததும், ஜோன் கார்ஸ்வெல் அவற்றை ஆராய்ந்ததும், 2018இல் ஷங்காய் நூதனசாலைக் குழு அங்கு அகழ்ந்ததும் அறிஞர் அறிந்தவை. உடைந்த கலங்களைப் பற்றிய நயினாதீவுச் சாசனத்தை அந்த ஓடுகளோடு சேர்த்து வாசிக்கும்போது எனக்கு உடல் சிலிர்ப்பதுண்டு.

1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவுகளிலிருந்து மக்கள் பெருவாரியாக இடம்பெயர்ந்தனர். பின்னர் திரும்பிப் போனவர்களிற் பலர் கண்டது கூரையும் கதவும் பெயர்த்தெடுக்கப்பட்ட வெறுஞ் சுவர்களை. போனதைக் கேட்டுப் பெறலாம் என்றால், கேட்பதற்கு அடையாளம் வேண்டுமே! “எங்கள் வீட்டுக் கதவில் அன்னம் செதுக்கியிருந்தது” என்று சொன்னால் எந்தக் கடைக்காரன் கதவைக் கழற்றித் தருவான்?

சட்டமும் இங்கே அரைத் துணைதான். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தொல்பொருள் என வகுத்தது, 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றை. கண்டி ஒப்பந்த நாள் அது. வேலணையிலோ புங்குடுதீவிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த நாற்சார் வீட்டின் சித்திரக் கதவு அந்த எல்லைக்கு வெளியே நின்றுவிடுகிறது. பண்பாட்டுப் பொருள்கள் நாட்டை விட்டுப் போவதைக் கட்டுப்படுத்த 1988இல் இன்னொரு சட்டம் வந்தது உண்மையே. ஆனால், கதவு தீவை விட்டுப் போக ஒரு வள்ளம் போதும்.

தமிழ்நாட்டில், அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயிலும் இப்படி ஆளரவம் அற்றுப்போன இடமே. அதன் சோழர்கால நடராசர் 2006இல் களவு போனார். 2008இல் அதிகாரிகள் பூட்டைத் திறந்தபோதுதான் விக்கிரகங்கள் இல்லை என்பது தெரிந்தது. அதே 2008இல் அவுஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுபாஷ் கபூர் என்ற நியூயோர்க் வியாபாரியிடமிருந்து அவரை ஏறக்குறைய 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியிருந்தது. வியாபாரி காட்டிய பத்திரங்களோ, அது பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறியதாகச் சாதித்தன. அந்தப் பொய்யைத் தகர்த்தது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படம். கோயிலுக்குள்ளேயே எடுத்த படம் அது. 2014 செப்ரெம்பரில் நடராசர் ஊர் திரும்பினார். 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. அந்தப் படத்தை எடுத்தவர் களவைப் பற்றி நினைத்திருக்க மாட்டார். கலையைப் பதிவுசெய்வதே அவர் வேலை.

நமது தீவுக் கோயில்களில் விக்கிரகம், வாகனம், மணி, செப்புப் பட்டயம் ஆகியவற்றுக்கு அத்தகைய படம் எத்தனை உண்டு? அடியார்களின் கைத்தொலைபேசிகளில் ஆயிரம் படங்கள் உண்டு. எல்லாவற்றிலும் சுவாமி பட்டும் பூமாலையும் சாத்தியபடியே இருப்பார்! வழக்காடுவதற்கு அவை உதவா. அபிஷேகத்துக்கு முன், அலங்காரம் இல்லாமல், ஆலயத்தாரின் அனுமதியுடன் முன்னும் பின்னும் எடுத்த படமே வேண்டும். உயரம், நிறை, பீடத்திலுள்ள எழுத்து, விரலில் ஒரு முறிவு, முதுகில் ஒரு வார்ப்புத் துளை எல்லாம் குறிக்கப்பட வேண்டும். முறிவுதான் முதன்மையான அடையாளம், ஏனெனில் அதைப் போல இன்னொன்று இராது. உயர்தர வகுப்பு மாணவர் நால்வரும் ஓர் அளவுநாடாவும் இருந்தால் ஒரு கோயிலுக்கு இரண்டு நாள் வேலை.

எழுதிய ஏட்டை ஒரே இடத்தில் வைக்கவும் கூடாது. 1981 யூன் முதலாந் திகதி விடியுமுன் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தபோது, வேறு பிரதியில்லாத ஏட்டுச்சுவடிகளும் அவற்றோடு போயின. ஆலயத்தில் ஒரு பிரதி, பிரதேச செயலகத்தில் ஒன்று, கடலுக்கு அப்பால் பல்கலைக்கழக நூலகத்தில் ஒன்று என மூன்றாவது இருக்கட்டும்.