டெல்லிக்குப் போன யாழ்ப்பாணத்து உறுப்பினர்

எங்கட ஆள் ஒருத்தர் தூதுவரானால் பெருமையாகத்தான் கதைப்பம். அங்கே போய் அவர் யாருக்காகப் பேசினார் என்று கேட்கிறது குறைவு. சேர் அருணாசலம் மகாதேவாவைப் பற்றி வாசித்தபோது எங்களுக்கு அந்தக் கேள்விதான் வந்தது.

1885இல் பிறந்தவர். சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் மகன், சேர் பொன். இராமநாதனுக்குப் பெறாமகன். மானிப்பாயில் வேர்விட்ட கொழும்புக் குடும்பம். இளைஞர் காங்கிரஸ் அழைத்த 1931 தேர்தல் பகிஷ்கரிப்பு ஓய்ந்தபிறகு, 1934இல் யாழ்ப்பாணத் தொகுதிக்கு அரசாங்க சபை உறுப்பினரானார். 1942இல் டி. பி. ஜயதிலக இலங்கையின் பிரதிநிதியாக டெல்லிக்குப் போக, அவர் விட்டுப்போன உள்நாட்டு அமைச்சு மகாதேவாவுக்கு வந்தது.

அந்தக் காலம் ஜி. ஜி. பொன்னம்பலம் 'ஐம்பதுக்கு ஐம்பது' கேட்டுக்கொண்டிருந்தார். மகாதேவா டி. எஸ். சேனநாயக்கவின் பக்கம் நின்றார். 1945இல் புதிய அரசியலமைப்புத் திட்டம் சபைக்கு வந்தபோது ஆதரித்தவர்களில் அவரும் ஒருவர். அது 51க்கு 3 என்று நிறைவேறியது. 1947 பொதுத்தேர்தலில் யாழ்ப்பாணம் பதில் சொன்னது: ஐக்கிய தேசியக் கட்சியில் நின்ற மகாதேவாவைத் தோற்கடித்து பொன்னம்பலத்தை அனுப்பியது.

தோற்றவரை அரசாங்கம் கைவிடவில்லை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் இந்தியாவுக்கான உயர்ஸ்தானிகராக டெல்லிக்கு அனுப்பியது, முன்பு ஜயதிலக போன அதே ஊருக்கு. கொழும்புக்கும் டெல்லிக்கும் நடுவில் அப்போது கிடந்த பெரிய பிரச்சினை, மலையகத் தமிழர் எந்த நாட்டவர் என்பது. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை, சுமார் ஏழு இலட்சம் பேரை, நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. அந்த அரசாங்கத்தின் குரலாக டெல்லியில் இருந்தது யாழ்ப்பாணத்தின் முன்னாள் உறுப்பினர்.

அவரை மட்டும் குற்றம் சொல்லிப்போட்டுப் போகலாம் என்றால் அதுவும் சரிவராது. அவரைத் தோற்கடித்த பொன்னம்பலம் 1948 சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார்தான். ஆனால் சில கிழமைகளிலேயே அதே அரசாங்கத்தில் அமைச்சரானார். செல்வநாயகம் பிரிந்துபோய் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். வென்றவரும் தோற்றவரும் கடைசியில் ஒரே அரசாங்கத்துக்குத்தான் வேலை செய்தார்கள்.

தூதுவர் தன் இனத்துக்காக அல்ல, தன்னை அனுப்பிய அரசாங்கத்துக்காகவே பேசுகிறவர். அது அந்த வேலையின் விதி. அதனால்தான் பதவியின் உயரத்தை வைத்து 'எங்களுக்கு ஒரு குரல் கிடைச்சிட்டுது' என்று நாங்கள் நினைக்கக்கூடாது. நாடற்றவர் பிரச்சினை சட்டப்படி தீர 2003 வரை போனது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறிவிட்டன.

இனி யாராவது 'எங்கட தூதுவர்' என்று சொன்னால், அந்த 'எங்கட'வுக்குள் தோட்டத்து லயத்தில் இருந்தவர்களும் அடக்கமா என்று நாங்கள் கேட்போம். நீங்களும் கேளுங்கோ.