ரூட்டிங்

ஆண்ட்ராய்டு கைபேசியில் தயாரிப்பு நிறுவனம் பூட்டி வைத்திருக்கும் நிர்வாக அதிகாரத்தை, அதைக் காசு கொடுத்து வாங்கியவர் தன் கைக்கு எடுத்துக்கொள்வது ரூட்டிங். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து, போனைப் பெட்டியிலிருந்து எடுத்த நாளின் நிலைக்குக் கொண்டுபோவது அன்ரூட். நிறுவனம் போட்டுத் தந்த மென்பொருளை மொத்தமாக வழித்தெடுத்துவிட்டு வேறொன்றை ஏற்றினால் அது கஸ்டம் ரோம். பேச்சில் மூன்றும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தாலும் மூன்றும் வேறுவேறு. கஸ்டம் ரோம் போட்ட போன் ரூட் ஆகாமலே இருக்கலாம். ரூட் ஆன போன் கம்பெனி மென்பொருளிலேயே ஓடலாம்.

சொல் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்திலிருந்து வந்தது. எந்தத் தடையும் இல்லாத பயனருக்கு யுனிக்ஸில் ரூட் என்று பெயர். அடையாள எண் 0. லினக்ஸ் கெர்னல்மேல் எழுந்த ஆண்ட்ராய்டும் இந்த வழக்கத்தை அப்படியே வாங்கிக்கொண்டது. நாம் நிறுவும் ஒவ்வொரு செயலியும் 10,000இல் தொடங்கும் எண்களில் ஒன்றைப் பெற்றுத் தனித்தனி அறையில் குடியேறுகிறது. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. 0 எண்காரரிடம் மட்டும் எல்லா அறைகளுக்கும் சாவி உண்டு. போன் வாங்கியவருக்கு அந்த எண் கிடைப்பதில்லை. வீட்டைக் கிரயம் செய்து கொடுத்தவரே கொத்துச்சாவியையும் வைத்துக்கொண்டிருப்பது போன்ற ஏற்பாடு இது.

ஆனால் ஏற்பாட்டில் நியாயமும் இருக்கிறது. சாவி வாங்கியவர் கையில் இருந்தால், அவரை ஏமாற்றி ஒரு செயலியும் அதை வாங்கிவிடலாம். ரூட்டிங்கின் வரலாறு முழுக்க இந்த இரண்டு நியாயங்களின் இழுபறிதான்.

எதற்காக

தொடக்கத்தில் காரணங்கள் மிகச் சாதாரணமானவை. 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனில் செயலிகளுக்கு இடம் போதாது. அவற்றை மெமரி கார்டுக்கு மாற்ற ரூட் வேண்டும். போனின் இணையத்தை மடிக்கணினிக்குப் பகிரவும், திரையைப் படம் பிடிக்கவும் ரூட் வேண்டியிருந்தது.

தமிழ் படிப்பவருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஆண்ட்ராய்டு 2 வரிசைக் காலத்தில் பல போன்களில் தமிழ் எழுத்துரு கிடையாது. செய்தித் தளத்தைத் திறந்தால் வரிசையாகக் கட்டங்கள்தான். ரூட் செய்தவர்கள் சிஸ்டம் பகுதிக்குள் புகுந்து ஒரு தமிழ் எழுத்துருவை வைத்தார்கள். கட்டங்கள் எழுத்தாயின. ஆனாலும் எழுத்துகளைக் கோக்கும் மென்பொருள் உள்ளே இல்லாததால் கொம்பு தன் மெய்க்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. அந்தக் கோணல் தமிழையும் பழகிப் படித்தவர்கள் உண்டு. ரூட் செய்ய அஞ்சியவர்கள் ஓபரா மினி உலாவியின் அமைப்பில் ஒரு வரியை மாற்றி, எழுத்துகளைப் படமாக வரவழைத்துப் படித்தார்கள்.

பின்னர் வந்த ஆண்ட்ராய்டு பதிப்புகள் இந்தக் குறைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்தன. செயலிகளை மெமரி கார்டுக்கு மாற்றும் வசதியும் இணையப் பகிர்வும் 2010இன் 2.2 பதிப்பில் வந்தன. திரையைப் படம் பிடிக்கும் வசதி அடுத்த ஆண்டு 4.0இல். இன்று எஞ்சியிருக்கும் காரணங்களில் கனமானது ஒன்றுதான்: நிறுவனம் கைவிட்ட பழைய போனுக்குக் கஸ்டம் ரோம் வழியே புதிய ஆண்ட்ராய்டும் பாதுகாப்புத் திருத்தங்களும் கிடைக்கச் செய்வது.

சமையல்காரர்கள்

ஆண்ட்ராய்டுக்கு முன்பே இந்தக் கலை உண்டு. ஓ2 நிறுவனம் 2002இல் எக்ஸ்டிஏ என்ற விண்டோஸ் கையடக்கக் கருவியை விற்றது. தயாரித்தது தைவானின் எச்டிசி. அதைக் குடைந்து பார்த்தவர்களின் குழுவுக்கு எக்ஸ்டிஏ டெவலப்பர்ஸ் என்றே பெயர் அமைந்தது. மென்பொருளைப் பிரித்து, வேண்டாததை நீக்கி, வேண்டியதைச் சேர்த்துக் கட்டுவதை அவர்கள் 'சமைப்பது' என்றார்கள். அதற்கான கருவித்தொகுப்பு 'கிச்சன்'. ரோம் என்ற சொல்லும் அந்தக் காலத்து மிச்சம். எழுதி அழிக்க முடியாத நினைவகத்துக்கான பெயர், எழுதி அழித்து எழுதப்படும் பொருளுக்கு ஒட்டிக்கொண்டது.

ஐபோன் பக்கத்தில் இதே வேலைக்கு ஜெயில்பிரேக் என்று பெயர். 2007 ஆகஸ்டில் 17 வயது ஜார்ஜ் ஹாட்ஸ் ஐபோனின் சிம் பூட்டைத் திறந்து காட்டினார். அவர் பெயர் இக்கதையில் மறுபடி வரும்.

'ரீபூட்' என்று தட்டியவர்

2008 அக்டோபரில் அமெரிக்காவில் டி-மொபைல் ஜி1 விற்பனைக்கு வந்தது. சில வாரங்களில் ஒரு விநோதமான புகார் எழுந்தது. ஒருவர் போனை அணைத்துப் போட்டிருக்கிறார். ஏன் பதில் இல்லை என்று தோழி கேட்க, காரணத்தை ஒரே சொல்லில் 'ரீபூட்' என்று தட்டினார். போன் மறுபடி அணைந்து எழுந்தது. விசைப்பலகையில் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் திரைக்குப் பின்னால், ரூட் அதிகாரத்தோடு திறந்து கிடந்த ஒரு கட்டளைச் சாளரத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. சோதனைக்காகத் திறந்ததை மூட மறந்திருந்தார்கள். யாரும் உடைக்காமலே திறந்திருந்த கதவு! டெல்நெட் சேவையைத் தொடங்கும் கட்டளையைத் தட்டினாலே போதும், ரூட் கிடைத்துவிடும்.

கூகுள் அடுத்த வெளியீட்டில் அதை அடைத்தது. அதற்குள் ஜீசஸ்ஃப்ரீக் என்ற புனைபெயர்க்காரர், ரூட் நிலைத்திருக்கும்படி திருத்திய மென்பொருள் தொகுப்புகளை வெளியிடத் தொடங்கிவிட்டார். 2009இல் அவர் ஓய்ந்தபோது தன் பயனர்களைச் சயனோஜன் என்ற இன்னொரு புனைபெயர்க்காரரிடம் அனுப்பிவைத்தார். அவர்தான் ஸ்டீவ் கோண்டிக்.

ஓட்டைகளின் காலம்

திறந்த கதவுகள் அடைபட்ட பிறகு ஓட்டை தேட வேண்டியதாயிற்று. 2010இல் செபாஸ்டியன் கிராமர் வெளியிட்ட 'ரேஜ் அகெய்ன்ஸ்ட் த கேஜ்' நுட்பம் இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் பலாத்காரம் இல்லை, வெறும் விடாப்பிடிதான். கணினியோடு போனை இணைக்கும் ஏடிபி சேவை ரூட்டாகவே பிறக்கிறது. பிறந்த கையோடு தன் அதிகாரத்தைத் துறந்து சாதாரணப் பயனராக வேண்டும். துறவு நிறைவேறியதா என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பயனர் இத்தனை நிரல்களைத்தான் ஓட்டலாம் என்று கெர்னலில் வரம்பு உண்டு. அந்த வரம்பு நிரம்பும்வரை வெற்று நிரல்களைப் பெருக்கிவிட்டு ஏடிபியை மறுபடி பிறக்க வைத்தால், சாதாரணப் பயனர் கணக்கில் இடமில்லை என்று துறவு தோற்றுவிடும். ஏடிபி அதை அறியாமல் ரூட்டாகவே உட்கார்ந்திருக்கும்.

அதே ஓட்டை திருடருக்கும் வழி. 2011 மார்ச்சில் கூகுளின் செயலிக் கடையிலேயே 50க்கும் மேற்பட்ட செயலிகளில் டிராய்டுடிரீம் என்ற தீநிரல் பதுங்கியிருந்தது. இதே கிராமர் நுட்பத்தைக் கொண்டு அது போனை உரிமையாளருக்குத் தெரியாமல் ரூட் செய்தது. கூகுள் அவற்றைப் பயனர்களின் போன்களிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கியது. 2014 ஜூனில் ஹாட்ஸ் மறுபடி வந்தார். லினக்ஸ் கெர்னலின் ஒரு பிழையைப் பயன்படுத்தி, ஒரே பொத்தானில் ரூட் செய்யும் டவல்ரூட்டை வெளியிட்டார். 2016இல் வெளிப்பட்ட டர்ட்டி கவ் பிழையும் இந்த வரிசைதான். ஆண்ட்ராய்டு 5இல் எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாடு முழுக்க அமலானபின் இத்தகைய குறுக்குவழிகள் அருகின.

அனுமதியும் பூட்டும்

போனை எழுப்பும் முதல் நிரல் பூட்லோடர். அடுத்து ஏறும் மென்பொருளில் நிறுவனத்தின் கையெழுத்து இருக்கிறதா என்று அது சரிபார்க்கும். 2010 ஜனவரியில் கூகுள் விற்ற நெக்சஸ் ஒன்னில் அந்தப் பூட்டை ஒற்றைக் கட்டளையில் திறக்கலாம். வாரண்டி போகும் என்ற எச்சரிக்கைக்கு ஒப்புக்கொண்டால் போதும். அதன்பின் போன் எழும்போதெல்லாம் திறந்த பூட்டுப் படம் ஒன்று தோன்றும். ஓட்டை தேடாமல் கேட்டுப் பெறும் வழி இது. அதே ஆண்டு மோட்டரோலா தன் டிராய்டு எக்ஸின் பூட்லோடரை இறுக்கிப் பூட்டியது. எச்டிசி 2011இல் பூட்டத் தொடங்கி, பயனர்கள் கொதித்ததும் மே மாதம் பின்வாங்கி, இனிப் பூட்டப்போவதில்லை என்று அறிவித்தது.

சட்டமும் அசைந்தது. அமெரிக்காவின் பதிப்புரிமைச் சட்டம் மின்பூட்டுகளை உடைப்பதைத் தடுக்கிறது. 2010 ஜூலையில் ஸ்மார்ட்போன் ஜெயில்பிரேக்குக்கு அதிலிருந்து விலக்கு கிடைத்தது. விலக்கு நிரந்தரம் அல்ல, மூன்று ஆண்டுக்கொரு முறை பரிசீலிக்கப்படுவது. 2012இல் போனுக்கு நீட்டித்தார்கள், டேப்லெட்டுக்கு மறுத்தார்கள். 2015இல் அதற்கும் தந்தார்கள்.

சயனோஜனின் ஏற்றமும் சரிவும்

ஆண்ட்ராய்டின் மூலநிரல் திறந்தது. ஆனால் ஜிமெயில், மேப்ஸ், யூடியூப் போன்றவை கூகுளின் தனிச்சொத்து. 2009 செப்டம்பரில், அவற்றைச் சேர்த்து விநியோகிப்பதை நிறுத்தும்படி கோண்டிக்குக்குக் கூகுள் சட்டக் கடிதம் அனுப்பியது. அவர் கண்ட வழி எளியது: சயனோஜன்மாடில் கூகுள் செயலிகள் இருக்காது, பயனரின் போனில் ஏற்கெனவே உள்ளவற்றை எடுத்து வைத்து, பிறகு திரும்பப் போட்டுக்கொள்ளலாம். கஸ்டம் ரோமோடு 'ஜிஆப்ஸ்' என்று தனிப் பொட்டலம் ஏற்றும் வழக்கத்தின் வேர் இது.

2013இல் கோண்டிக்கும் கிர்ட் மெக்மாஸ்டரும் சயனோஜனை நிறுவனமாக்கினார்கள். 2014இல் ஒன்பிளஸ் ஒன் அவர்களுடைய மென்பொருளோடு வந்தது. அதே ஆண்டின் இறுதியில் கதை டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. இந்தியாவில் சயனோஜனுக்கான பிரத்தியேக உரிமை தன்னுடையது என்று மைக்ரோமேக்ஸ் வழக்குத் தொடுத்து, ஒன்பிளஸ் விற்பனைக்கு டிசம்பரில் தடை பெற்றது. மேல் அமர்வு சில நாள்களில் தடையை நீக்கியது. இலவசமாக ஊர்கூடிச் சமைத்த ஒன்றுக்காக இரண்டு கம்பெனிகள் நீதிமன்றத்தில் நின்றன. ஒன்பிளஸ் 2015இல் ஆக்சிஜன் ஓஎஸ் என்ற சொந்த மென்பொருளுக்கு மாறியது. சயனோஜன் நிறுவனம் 2016 டிசம்பர் 31ஓடு சேவைகளை மூடியது. தன்னார்வலர்கள் மூலநிரலை எடுத்துக்கொண்டு லீனியேஜ் ஓஎஸ் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். அது இன்றும் இயங்குகிறது.

எதிர்த்திசையில் ஒரு கதை ஷாவ்மியுடையது. அது 2010 ஆகஸ்டில் வெளியிட்ட முதல் பொருள் போன் அல்ல, பிற நிறுவனப் போன்களில் ஏற்றும் எம்ஐயூஐ என்ற கஸ்டம் ரோம். சொந்தப் போன் ஓராண்டு கழித்தே வந்தது. பிற்காலத்தில் பூட்லோடரைத் திறக்க நாள்கணக்கில் காத்திருக்க வைத்த நிறுவனமும் அதுவே.

மறைந்து வாழும் ரூட்

ரூட் செய்தபின் எந்தச் செயலிக்கு அதிகாரம் தரலாம் என்று கேட்கும் காவல்காரர் வேண்டும். 2012 முதல் அந்த இடத்தில் இருந்தது செயின்ஃபயர் என்ற யோரிட் யோங்மாவின் சூப்பர்எஸ்யூ. 2016இல் தைவானைச் சேர்ந்த மாணவர் ஜான் வூ மேஜிஸ்கை வெளியிட்டார். சிஸ்டம் பகுதியைத் தொடாமல், போன் எழும்போது படிக்கும் பூட் இமேஜை மட்டும் திருத்தி, மாற்றங்களை மேலே விரிப்பு போல் விரிக்கும் முறை அது. விரிப்பை எடுத்தால் கீழே எல்லாம் பழையபடி. ரூட்டை மறைக்கவும் அதில் வழி இருந்தது. 2021இல் வூ கூகுளின் ஆண்ட்ராய்டு பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்தார். மறைக்கும் பகுதி மேஜிஸ்கிலிருந்து நீங்கியது.

மறைப்பது ஏன் முக்கியமாயிற்று? போனைச் சோதித்து வங்கிச் செயலிகளுக்குச் சான்று சொல்லிவந்தது கூகுளின் சேஃப்டிநெட். இன்று அதன் வாரிசான பிளே இன்டெக்ரிட்டி சொல்கிறது. முன்பு அந்தச் சான்று மென்பொருளிலிருந்து வந்தது. அதை ஏமாற்ற முடிந்தது. இப்போது சிப்புக்குள் இருக்கும் சாவி ஒன்று, பூட்லோடர் திறந்திருக்கிறதா என்று கையெழுத்திட்டுச் சொல்கிறது. கசிந்த சாவிக்கோப்புகளைப் போட்டு ஏமாற்றுபவர்கள் உண்டு. கூகுள் அவற்றைக் கண்டுபிடித்து ரத்து செய்துகொண்டே இருக்கிறது. இந்தியாவில் ரிசர்வ் வங்கியும் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட மின்னணுப் பணப் பாதுகாப்பு நெறிமுறையில், ரூட் ஆன போனில் செயலி ஓடாதபடி செய்வதை ஆராயும்படி வங்கிகளிடம் சொன்னது. டீக்கடையில் பத்து ரூபாயைக்கூட யூபிஐயில் கொடுக்கும் ஊரில் இதன் எடை தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பூட்டைத் திறப்பது இன்றும் பல போன்களில் முடியும். திறந்த போனை யாரும் நம்பமாட்டார்கள் என்பதே இப்போது உண்மையான பூட்டு.

அன்ரூட்

பணச் செயலி, வாரண்டி, பழைய போனை விற்பது: பெரும்பாலும் இவற்றுக்காகத்தான் திரும்பி வருகிறார்கள். மேஜிஸ்க் என்றால், எடுத்து வைத்த அசல் பூட் இமேஜை அதன் செயலியே திருப்பிப் போடும். ரோமையே மாற்றியவர் நிறுவனத்தின் அசல் தொகுப்பை முழுதாக ஏற்ற வேண்டும். அதற்கான கருவிகள்: சாம்சங்குக்கு ஓடின், ஷாவ்மிக்கு மி ஃப்ளாஷ், மீடியாடெக் சிப் போன்களுக்கு எஸ்பி ஃப்ளாஷ் டூல். நம்மூர் சர்வீஸ் கடைகளில் 'சாஃப்ட்வேர் ஏத்தணும்' என்பது பல சமயம் இதைத்தான். அசல் மென்பொருள் திரும்பும் முன்பே பூட்லோடரைப் பூட்டிவிடுவது இதில் பெரிய தவறு. கையெழுத்து இல்லாததைக் கண்ட பூட்லோடர் போனை எழுப்பவே மறுக்கும்.

முழுதாகத் திரும்ப முடியாத இடங்களும் உண்டு. 2013இன் கேலக்ஸி நோட் 3 முதல் சாம்சங் வைத்த நாக்ஸ் கணக்கு, அங்கீகாரமற்ற மென்பொருளைக் கண்டதும் 0இலிருந்து 1க்கு மாறும். அது சிப்பில் உருகும் ஃபியூஸ். எந்த அசல் மென்பொருளும் அதை மறுபடி 0 ஆக்காது. 2018இல் ரெட்மி நோட் 5 ப்ரோ வைத்திருந்தவர்கள் இன்னொன்றைக் கற்றார்கள். புதிய மென்பொருளில் வந்த பின்னிறக்கத் தடையை அறியாமல் பழைய அசல் பதிப்புக்கே திரும்பியவர்களின் போன்கள் எழவே எழாமல் 'பிரிக்', அதாவது வெறும் செங்கல், ஆயின. அவற்றை எழுப்ப, பின்மூடியைக் கழற்றி இரண்டு உலோகப் புள்ளிகளைக் கம்பியால் தொட்டு, குவால்காம் சிப்பின் அவசர நிலைக்குள் போக வேண்டும். உள்ளே போனபின் மி ஃப்ளாஷ் ஒரு கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். நிறுவனம் அங்கீகரித்த சர்வீஸ் சென்டரின் கணக்காக இருந்தால்தான் ஏற்றும்.