பவ்ய ஜீவன்: சிந்தாமணிப் பதிப்பும் பிறர் சமயத்தை அறிதலும்

1880 அக்டோபரில் கும்பகோணத்து முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரை உ. வே. சாமிநாதையர் சந்தித்ததிலிருந்தே தமிழ்ப் பதிப்பு வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் இருபத்தைந்து வயது இளைஞர் அடுக்கிக்கொண்டே போக, முதலியார் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இந்தக் காட்சியைப் பலரும் எழுதிவிட்டோம். ஐயரின் ஆளுமை வளர்ந்த இடம் முதலியார் வீடு அன்று. அதன்பின் அவர் படியேறிய சமணர் வீடுகளே என்பது என் துணிபு.

சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கிய ஐயருக்கு, நச்சினார்க்கினியர் உரை கையில் இருந்தும் நூல் பிடிபடவில்லை. சமணக் கோட்பாடுகள் ஏற்கெனவே தெரிந்தவருக்குச் சொல்வதுபோல் உரை பல இடங்களைத் தொட்டுவிட்டு நகர்கிறது. ஏடுகளிலோ மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ரகரமா, துணைக்காலா என்பதையும் இடம் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பொருள் தெரியாதவனுக்கு அங்கே எழுத்தும் தெரியாது. தமக்குப் பழகிய சைவ வழக்குக்கு ஏற்பப் பாடத்தைத் திருத்திக்கொண்டு போவது எளிது. ஐயர் அதைச் செய்யவில்லை. ஏட்டில் இருப்பதை விருப்பம்போல் மாற்றலாகாது என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம்தான் அவரைப் பிறர் வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. பரந்த மனம் முதலில் வந்து, பணி பிறகு வந்ததாக நாம் எண்ணுகிறோம். நடந்தது நேர்மாறு.

கும்பகோணத்துச் சமணர் வீடு ஒன்றுக்கு அவர் சென்றபோது வாசலில் மாவிலைத் தோரணமும் கோலமும் இருந்தன. விசேஷம் என்ன என்று விசாரித்தார். மாதக்கணக்காக நடந்துவந்த சிந்தாமணிப் படனம் அன்று நிறைவேறியிருந்தது! கல்லூரி ஆசிரியருக்குப் புரியாத காப்பியம் அந்த வீட்டாருக்குப் பாராயண நூல். ஐயர் அங்கே மாணவராக உட்கார்ந்தார். அவருடைய கேள்விகளைக் கேட்டிருந்த ஒரு சமணப் பெண்மணி அவரைப் பவ்ய ஜீவன் என்றார். வீடுபேற்றுக்குத் தகுதியுள்ள உயிர் என்பது அச்சொல்லின் பொருள். நெற்றியில் திருநீறு அணிந்தவரை இன்னொரு சமயத்தார் தம் சமயச் சொல்லால் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களும் அவரை அறிந்துகொண்டார்கள் என்பதை ஆய்வாளர்கள் கவனிக்கத் தவறுகிறோம். 1940-இல் ஆனந்த விகடனில் தொடங்கிய 'என் சரித்திர'த்தில் ஐயர் அச்சொல்லை மறவாமல் பதிந்தார். அரை நூற்றாண்டுக்கு மேலாக மனத்தில் வைத்துப் போற்றியிருக்கிறார்.

இதெல்லாம் ஒரு பதிப்பாசிரியரின் தேவைதானே, தகவல் கிடைத்ததும் முடிந்துவிடும் உறவுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. தேவை அத்தோடு தீர்ந்திருக்கும். ஆனால் பின்னர் பௌத்தக் காப்பியமான மணிமேகலையை எடுத்தபோது, தேடிப்போய்க் கேட்கக் கும்பகோணத்தில் பௌத்தர் தெரு இல்லை. ஆங்கில நூல்கள் வழியே பௌத்தத்தைக் கற்றிருந்த மளூர் ரங்காசாரியாரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார்; வைணவரிடம் சைவர் பௌத்தம் பயின்றார். அடிக்குறிப்புகளுக்கு அந்த அறிவே போதும். அவர் அதோடு விடவில்லை. புத்தர் வரலாறு, பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகிய மூன்றையும் தமிழ் வாசகருக்குத் தாமே உரைநடையில் விரித்தெழுதி 1898-இல் மணிமேகலையோடு சேர்த்து அச்சிட்டார். அப்போதும் அவர் சைவராகவே இருந்தார்.