நாற்றங்கால்

டெக்ஸாஸ் மாகாணத்தில் ரவுண்ட் ராக் என்று ஓர் ஊர் இருக்கிறது. என் மகன் அங்கே உத்தியோகம் பார்க்கிறான். அவனோடு சில வாரம் தங்கியிருக்கலாம் என்று போனபோது ஒரு நாள் மாலை, "வாருங்கள் அப்பா, பேஸ்பால் பார்த்துவிட்டு வரலாம்" என்று அழைத்துக்கொண்டு போனான். எனக்கு அந்த ஆட்டத்தில் அதுவரை அரிச்சுவடி கூடத் தெரியாது. ஆகையால் மைதானத்தைவிட அதிகமாக, பின் வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு கிழவர்களின் பேச்சையே கவனித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பந்து வீசியவன் மீசை சரியாக அரும்பாத ஒரு பையன். ரவுண்ட் ராக் குழு, ஆர்லிங்டனில் இருக்கும் டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ் என்ற பெரிய குழுவுக்குக் கீழ்ப்பட்டது. இங்கே தேறியவர்களை அங்கே கூப்பிட்டுக்கொள்வார்கள். பையனை உடனே கூப்பிட வேண்டுமா, இன்னும் ஓர் ஆண்டு இங்கேயே விட்டுவைக்க வேண்டுமா? இதுதான் கிழவர்களின் வழக்கு.

"இவனை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள்? அங்கே பந்து வீச ஆளில்லாமல் தவிக்கிறார்கள்" என்றார் சிவப்புத் தொப்பி போட்டவர்.

மற்றவர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "டேவிட் க்ளைட்" என்று ஒரு பெயரை மட்டும் சொன்னார். அவ்வளவுதான், சிவப்புத் தொப்பிக்காரர் வாய் அடைத்துப் போயிற்று.

ஒரு பெயரைச் சொன்ன மாத்திரத்தில் ஒரு வாதம் முடிந்துவிடுமானால் அதற்குள் ஒரு கதை இருக்கத்தானே வேண்டும்? கதை எழுதிப் பிழைக்கிறவன் அதை விட்டுவிட முடியுமா? மறுநாள் அந்த ஊர் நூல் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்தேன். நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் இந்தச் சிறு குழுக்களின் ஏற்பாட்டைச் சொல்லிவிட வேண்டும். இதை உருவாக்கியவர் பிராஞ்ச் ரிக்கி என்பவர். 1920-களில் ஸெயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் குழுவை நடத்திவந்த இவருக்குப் பணக்காரக் குழுக்களோடு போட்டியிட்டுத் தேர்ந்த ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கக் கையில் பணம் கிடையாது. ஆகவே சிறிய ஊர்களின் குழுக்களை வாங்கி, பையன்களை அங்கே சேர்த்து, படிப்படியாகப் பழக்கி மேலே கொண்டுவரலானார். அமெரிக்கர்கள் இதற்குப் 'பண்ணை' என்றே பெயர் வைத்தார்கள். நமக்கு விளங்கும்படி சொல்வதானால் இது ஒரு நாற்றங்கால். விதைப்பது ஓரிடம்; விளைவது வேறிடம். நடுவே பிடுங்கி நடும் நாள் என்று ஒன்று உண்டு. அந்த நாளைக் குறிப்பதில்தான் சங்கடமெல்லாம்.

நாற்று இளசாக இருக்கும்போது பிடுங்கினால் சேற்றில் நில்லாமல் சாய்ந்துவிடும். முற்றவிட்டுப் பிடுங்கினால் தூர் கட்டாது. இரண்டு தவறும் பேஸ்பால் சரித்திரத்தில் நடந்திருக்கின்றன. முற்றவிட்ட தவறுக்கு ரிக்கியே பொறுப்பாளியானார். 1930-களின் கடைசியில் அவருடைய பண்ணையில் 30-க்கும் மேற்பட்ட குழுக்கள் இருந்தன. மேலே இடமோ இருபத்தைந்து பேருக்குத்தான். மற்றவர்கள் சின்ன ஊர்களில் பஸ் ஏறி இறங்கியே வயதைக் கழித்தார்கள். பேஸ்பாலின் தலைமை அதிகாரியாக இருந்த நீதிபதி லாண்டிஸ் 1938-இல் ஒரு தீர்ப்புச் சொல்லி, அந்தப் பண்ணையிலிருந்து 70-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை ஒரே நாளில் விடுவித்தார்.

இளசில் பிடுங்கிய கதைக்கு வருவோம்.

டேவிட் க்ளைட் ஹூஸ்டன் நகரத்துப் பள்ளிக்கூடத்துப் பையன்; இடது கையால் பந்து வீசுகிறவன். பள்ளியின் கடைசி ஆண்டில் அவன் வீசிய ஆட்டங்களில் 18 வெற்றி, தோல்வியே இல்லை. அவற்றுள் ஐந்து ஆட்டங்களில் எதிராளிகள் ஒரு பந்தைக்கூட உருப்படியாக அடிக்கவில்லை. 1973-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி, புதிய ஆட்டக்காரர்களைப் பெரிய குழுக்கள் வரிசைப்படி தேர்ந்தெடுத்தபோது, நாட்டிலேயே முதல்வனாக அவனைத் தேர்ந்தெடுத்தது டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ். கையெழுத்துப் போட்டதற்குக் கொடுத்த தொகை 1,25,000 டாலர்.

ரேஞ்சர்ஸின் அப்போதைய நிலைமை பரிதாபமானது. வாஷிங்டனில் பிழைக்க முடியாமல் 1972-இல்தான் ஆர்லிங்டனுக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள். 1973-இல் 57 ஆட்டம் ஜெயித்து 105 ஆட்டம் தோற்றார்கள். சாதாரண நாளில் கூட்டம் சராசரியாகப் பத்தாயிரத்தைத் தொடாது. சொந்தக்காரர் பாப் ஷார்ட் கடன் தொல்லையில் இருந்தார். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பையனைச் சிறு குழுவுக்கு அனுப்புவானேன்? நேரே பெரிய மைதானத்தில் நிறுத்தினால் கூட்டம் வருமே!

குழுவின் மானேஜர் வைட்டி ஹெர்ஸாக். பின்னாட்களில் பெரும் புகழ் பெற்றவர். இரண்டு ஆட்டம் மட்டும் இங்கே வீசட்டும், அப்புறம் பையனைக் கீழே அனுப்பிவிட வேண்டும் என்பது அவருக்குச் சொல்லப்பட்ட ஏற்பாடு.

ஜூன் 27-ஆம் தேதி வந்தது. தேர்ந்தெடுத்து இருபத்திரண்டே நாள். பையனுக்கு வயது பதினெட்டு. மைதானத்தில் 35,698 பேர். ஆர்லிங்டன் மைதானம் அப்படி நிரம்பியது அதுவே முதல் தடவை. சாலையெல்லாம் கார் அடைத்துக்கொண்டு நின்றதால் ஆட்டத்தையே தாமதமாகத் தொடங்கினார்கள். எதிரே மின்னஸோட்டா ட்வின்ஸ். பையன் முதல் இரண்டு பேருக்கும் நான்கு நான்கு பந்துகளைத் தவறாக வீசி, அவர்களை இலவசமாகவே முதல் தளத்துக்கு அனுப்பிவைத்தான். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. அடுத்து வந்த மூன்று பேரையும் வரிசையாக 'ஸ்ட்ரைக் அவுட்' செய்தான்! ஐந்து சுற்று வீசினான். எதிராளிகள் அடித்தது ஒரே அடி. எட்டுப் பேர் ஸ்ட்ரைக் அவுட். இலவசமாகத் தளம் ஏறியவர்கள் ஏழு பேர். ரேஞ்சர்ஸ் நான்குக்கு மூன்று என்று ஜெயித்தது.

அந்த எண்களை மறுபடி ஒரு தடவை பாருங்கள். எட்டுப் பேரை வீழ்த்தியவன் ஏழு பேரைத் தவறவிட்டிருக்கிறான். இவனிடம் அசாத்தியமான திறமை இருக்கிறது. இவனுக்கு இன்னும் கற்றுக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. இரண்டையும் அந்த ஒரே மாலை சொல்லிவிட்டது. ஆனால் 35,698 பேர் எட்டைத்தான் பார்த்தார்கள். ஏழை ஹெர்ஸாக் பார்த்திருப்பார். பாப் ஷார்ட் பார்த்தது டிக்கெட்டுகளை.

பையன் கீழே அனுப்பப்படவில்லை. இரண்டு ஆட்டம் என்றது பதினெட்டு ஆட்டமாயிற்று. அந்த ஆண்டு 4 வெற்றி, 8 தோல்வி. செப்டம்பரில் ஹெர்ஸாக்கின் உத்தியோகமே போய்விட்டது. 1974-இல் 3 வெற்றி, 9 தோல்வி. கூட்டத்தைக் காட்டிக் குழுவைக் காப்பாற்றிய பாப் ஷார்ட் அதே 1974-இல் அதை விற்றுவிட்டுப் போய்விட்டார். 1975-இல்தான் க்ளைட் சிறு குழுக்களில் நின்று பழக ஆரம்பித்தார். பிறகு தோளில் சத்திர சிகிச்சை. கிளீவ்லாண்டில் இரண்டு பருவம். 1979-இல், இருபத்து நான்கு வயதில், பெரிய மைதானத்தில் அவர் கடைசியாகப் பந்து வீசினார். மொத்தக் கணக்கு 18 வெற்றி, 33 தோல்வி. அந்நாளைய விதிப்படி ஓய்வூதியம் பெற நான்கு ஆண்டுச் சேவை வேண்டும். க்ளைட்டுக்கு முப்பத்தேழு நாள் குறைந்தது.

"சரி, அவசரப்பட்டதுதான் தவறு, தீர்ந்தது வழக்கு" என்று வாசகர்கள் சொல்லிவிடலாம். நானும் நூல் நிலையத்தில் அப்படித்தான் நினைத்துப் புத்தகத்தை மூடப்போனேன். ஆனால் அதே 1973-ஆம் ஆண்டுத் தேர்வுப் பட்டியலில் க்ளைட்டுக்குக் கீழே இருந்த பெயர்கள் என்னைத் தடுத்து நிறுத்தின.

மூன்றாவது பெயர் ராபின் யௌண்ட். மில்வாக்கி குழுவினர் அவரைச் சிறு குழுவில் ஒரு கோடைக் காலம் மட்டும் ஆடவிட்டு, 1974 ஏப்ரலில், பதினெட்டு வயதிலேயே, பெரிய மைதானத்தில் இறக்கினார்கள். அவர் அங்கேயே இருபது பருவம் ஆடி 3,142 அடிகள் அடித்தார். நான்காவது பெயர் டேவ் வின்ஃபீல்ட். ஒரு நாள்கூடச் சிறு குழுவில் ஆடாமல், கல்லூரியிலிருந்து நேரே ஸான் டியாகோவின் மைதானத்தில் கால் வைத்தவர். அவர் கணக்கு 3,110. மூன்றாவது சுற்றில் ஒரு பெயர் எட்டி மர்ரே. பால்டிமோர் குழுவினர் இவரை மட்டும் நான்கு கோடை காலம் ப்ளூஃபீல்டில் தொடங்கி ராச்சஸ்டர் வரை படிப்படியாக ஏற்றினார்கள். வலது கை மட்டையாளராக வந்தவர் இரண்டு பக்கமும் நின்று அடிக்க அந்தச் சின்ன ஊர்களில்தான் கற்றுக்கொண்டார். 1977-இல் மேலே வந்து, அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதைத் தட்டிக்கொண்டு போனார். அவர் கணக்கு 3,255. மூவருமே பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்கள்.

ஒரே ஆண்டில் தேர்ந்தெடுத்தவர்கள். அவசரப்பட்டவர்களும் ஜெயித்தார்கள், பொறுத்திருந்தவர்களும் ஜெயித்தார்கள், அவசரத்தால் ஒருவர் அழிந்தார். கிழவர்கள் இருவரும் இந்த ஒரு பட்டியலை வைத்துக்கொண்டே ஆயுள் முழுதும் வழக்காடலாம்!

அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? விடைக்கு இன்னும் கொஞ்சம் பின்னால், 1951-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு மே மாதம், மின்னியாபொலிஸ் நகரத்துச் சிறு குழுவில் வில்லி மேஸ் என்ற இருபது வயதுக் கறுப்பு இளைஞர் 35 ஆட்டங்களில், மட்டை பிடித்த தடவைகளில் ஏறக்குறையப் பாதியில், அடி அடித்திருந்தார். நியூயார்க் ஜயன்ட்ஸ் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. மின்னியாபொலிஸ் ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஜயன்ட்ஸின் சொந்தக்காரர் ஸ்டோன்ஹாம் அந்த ஊர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, அவர்களுக்குச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. பெரிய நகரத்து ரசிகனுக்கு 'எப்போது வருவான்?' என்ற கவலை; சின்ன ஊர் ரசிகனுக்கு 'எப்போது போய்விடுவான்?' என்ற கவலை. இந்த இரண்டாவது கவலையை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஸ்டோன்ஹாம் ஒரு தடவையாவது எண்ணினார்.

மேலே போன மேஸ் முதல் இருபத்தாறு முயற்சிகளில் ஒரே ஒரு முறைதான் அடித்தார். 'என்னால் முடியாது' என்று மானேஜர் லியோ டுரோஷரிடம் அழுதார். நான் மானேஜராக இருக்கும் வரை நடு மைதானம் உன்னுடையதுதான் என்று டுரோஷர் சொல்லிவிட்டார். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் மேஸ்தான்.

அதே ஆண்டு, அதே நியூயார்க்கில், யாங்கீஸ் குழுவில் மிக்கி மேண்டில் என்ற பத்தொன்பது வயதுப் பையன். ஜூலையில் ஆட்டம் கலைந்துபோய், அவனைக் கான்ஸஸ் நகரத்துச் சிறு குழுவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அங்கேயும் தடுமாறினான். விட்டுவிடுகிறேன் என்று தகப்பனாரிடம் சொன்னான். தகப்பனார் ஓக்லஹோமாவில் சுரங்கத் தொழிலாளி. அவர் தேற்றவில்லை, பையனுடைய துணிமணிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். வா, சுரங்கத்துக்கே போகலாம் என்றார். பையன் போகவில்லை. நாற்பது ஆட்டங்களில் தன்னை மீட்டுக்கொண்டு ஆகஸ்டில் நியூயார்க்குக்குத் திரும்பினான்.

ஒருவர் மேலேயே நின்றார். ஒருவர் இறங்கி ஏறினார். வைத்தியம் நேர்மாறு, பலன் ஒன்று. இருவருக்கும் பொதுவாக இருந்தது என்ன? அந்தப் பையன் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய ஒரு மனிதர் அருகில் இருந்தார். அவர் செய்த முடிவு செல்லுபடியாயிற்று. க்ளைட்டுக்கும் அப்படி ஒருவர் இருந்தார். ஆனால் ஹெர்ஸாக்கின் சொல் செல்லவில்லை. முடிவு செய்தது டிக்கெட் அறை.

இன்றைய காலத்துக் கணக்கு வேறு விதம். இப்போது அவசரத்தைவிடத் தாமதத்தில்தான் லாபம் அதிகம். ஆட்டக்காரர் ஆறு முழு ஆண்டுச் சேவை முடித்துவிட்டால் இஷ்டப்பட்ட குழுவுக்குப் போகலாம். ஓர் ஆண்டு என்பது 172 நாள். 2015-இல் சிகாகோ கப்ஸ் குழுவில் கிரிஸ் பிரையண்ட் என்பவர் பயிற்சி ஆட்டங்களில் ஒன்பது ஹோம் ரன் அடித்தார். ஆனாலும் பருவம் தொடங்கும்போது அயோவாவுக்கு அனுப்பிவிட்டு ஏப்ரல் 17-ஆம் தேதி கூப்பிட்டார்கள். அவருக்கு அந்த ஆண்டு கிடைத்த சேவை 171 நாள்! ஒரு நாள் குறைந்ததால் அவருடைய சுதந்திரம் ஓர் ஆண்டு தள்ளிப்போயிற்று. இன்னும் பழக வேண்டியிருக்கிறது என்பது குழு சொன்ன காரணம். அவர் முறையிட்டுப் பார்த்தார். 2020-இல் மத்தியஸ்தர் தள்ளிவிட்டார். 2022-இல் ஏற்பட்ட புதிய ஒப்பந்தத்தில், புதுமுக விருதுக்கு முதல் இரண்டு இடத்தில் வருகிறவருக்கு எப்போது மேலே வந்தாலும் முழு ஆண்டுச் சேவை கொடுத்துவிட வேண்டும் என்று விதி செய்தார்கள்.

ஒருவருக்கு முப்பத்தேழு நாள்; ஒருவருக்கு ஒரு நாள். க்ளைட்டை முன்கூட்டி இழுத்தவர்களும் கணக்குப் போட்டார்கள். பிரையண்டின் நாளை எண்ணி நிறுத்தியவர்களும் கணக்குப் போட்டார்கள். இரண்டு கணக்கிலும் நாற்றின் பருவம் ஓர் இலக்கமாகக்கூட வரவில்லை.

ரவுண்ட் ராக் மைதானத்துக்குத் திரும்புகிறேன். ஐந்தாவது சுற்றில் எங்கள் பையன் தடுமாறினான். இரண்டு பேர் இலவசமாகத் தளம் ஏறினார்கள். மூன்றாமவன் அடித்த பந்து வேலிக்கு வெளியே போய் விழுந்தது. பையன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பயிற்சியாளர் நடந்து போய் அவன் தோளில் கை போட்டு ஏதோ சொன்னார். யாரும் கூச்சல் போடவில்லை. குழந்தைகள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள்.

ஆட்டம் முடிந்து எழுந்தபோது, அந்தப் பேசாத கிழவரிடம், "டேவிட் க்ளைட் என்றீர்களே, யார் அது?" என்று கேட்டேன்.

"1973-இல் எனக்குப் பதினாறு வயது. என் தகப்பனார் காரில் அழைத்துப் போனார். முதல் மூவரையும் வீழ்த்தியபோது தொண்டை கட்டும்வரை கத்தினேன்" என்றார். பிறகு மெதுவாக, "அவனைக் கீழே அனுப்பலாமா என்று எங்களை யாரும் கேட்கவில்லை. ஆனால் நாங்கள் டிக்கெட் வாங்கினோம். அதுதான் எங்கள் ஓட்டு" என்றார்.

சிவப்புத் தொப்பிக்காரர் அவர் கையைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டார். கீழே மைதானத்தில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்கள். பையன் மட்டும் ஓரமாகத் துண்டை வைத்துக்கொண்டு, பந்தில்லாமல், கையை வீசி வீசிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை அவசரப்படுத்த அங்கே யாரும் இல்லை.